மெயின் அக்கா செய்த வாள்

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ, எனக்குச் சரியாகத் தெரியாது. யாராக இருந்தாலும், அதை ஊருக்குள் விடுவதற்கு முன் எங்கள் மெயின் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இன்றைக்கும் நாம் எல்லோரும் சிம்னி விளக்கு வெளிச்சத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். மின்சாரத்துக்கு அவ்வளவு பயந்த மனுஷியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அதே மின்சாரத்தை ஒரு நாடக வாளுக்குள் அவ்வளவு அடக்க ஒடுக்கமாக உட்கார வைத்த மனுஷியையும் பார்த்ததில்லை. இருவரும் ஒரே ஆள் என்பதால்தான் இந்த வாரம் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

அப்போது நான் புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தங்கியிருந்தது திருக்கோகர்ணத்தில், ஒரு சந்துக்குள் இருந்த வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதியில். மாடி வீடு, வரிசையாக அறைகள், பொதுவாக ஒரு ஹால், மேலே பெரிய மொட்டை மாடி. ஜவுளிக்கடைப் பெண்கள், ஸ்கேன் சென்டர் பெண்கள், என்னைப் போல டீச்சர்கள் என்று கலவையான கூட்டம். எங்கள் எல்லோருக்கும் காப்பாளர், சமையல் மேற்பார்வை, நீதிமன்றம், தீயணைப்பு நிலையம் எல்லாமே அக்காதான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

புதிதாகச் சேர வரும் பெண்ணுக்கு வேறு விடுதிகளில் முதலில் அறையைக் காட்டுவார்கள். அக்கா மாடிப்படிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய் மெயின் ஸ்விட்சைக் காட்டுவார்.

"இந்தா பாரு தாயி, இதான் மெயினு. ஏதாச்சும் ஒண்ணுன்னா மொதல்ல இங்கிட்டு ஓடியா. வந்து இத எறக்கு. அப்பறமா கத்து."

நான் சேர்ந்த அன்று பெட்டியைக்கூடக் கீழே வைக்கவிடாமல் அதை ஏற்றி இறக்கச் சொன்னார். சரியாக இறக்கிய பிறகுதான் சாவி கைக்கு வந்தது.

எங்கள் விடுதியில் அறைக்குள் செல்போன் சார்ஜ் போடக் கூடாது. எல்லாப் போன்களும் ஹாலில், ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் சீர்வரிசை மாதிரி அடுக்கப்பட்டுத்தான் சார்ஜ் ஏறும். அக்கா பக்கத்திலேயே பாயைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பார்களே, அதே பாவனைதான். "இது யாருதுடி? லேசா கதகதங்குது. கழட்டு." கைக்குத் தெரியாத சூடு கன்னத்துக்குத் தெரியும் என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை. ஐ.டி. வேலை பார்த்த ஒருத்தி தன்னுடைய விலை உயர்ந்த போன் அக்காவின் முகப் பவுடர் வாசனையிலேயே வருகிறது என்று புலம்புவாள்.

மிக்சியைப் போடுவதென்றால் பலகை மேல் ஏறி நின்று, ரப்பர் செருப்பும் போட்டுக்கொள்ள வேண்டும். இஸ்திரிப் பெட்டிக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். அக்காவுக்குச் சொந்த ஊர் இலுப்பூர். அங்கே இருக்கும் தங்கை போன் செய்து "இங்கிட்டு இடி இடிக்குதுக்கா" என்று சொன்னால், இங்கே திருக்கோகர்ணத்தில் நட்ட வெயிலில் மெயின் இறங்கிவிடும். நாங்கள் விசிறியில்லாமல் வேர்த்து வழிந்துகொண்டு, இலுப்பூரில் மழை விடுவதற்காகக் காத்திருப்போம்.

ஒருமுறை மீட்டர் பார்க்க வந்த மின்வாரிய ஊழியரையே செருப்பு இல்லாமல் பெட்டியைத் திறக்க விடவில்லை. அவர் தோல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தார்.

"நான் கவர்மெண்ட் ஆளும்மா" என்றார் அவர்.

"நீங்க கவர்மெண்டா இருக்கலாம் தம்பி. கரண்டுக்கு அது தெரியாதுல்ல" என்று தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார் அக்கா. பூப்போட்ட அந்த ஊதா செருப்பைப் போட்டுக்கொண்டுதான் மனிதர் கணக்கெடுத்துவிட்டுப் போனார்.

ஏன் இந்தப் பயம் என்று விடுதிக்குள் பல கதைகள் ஓடின. சின்ன வயதில் ஷாக் அடித்தது என்றாள் ஒருத்தி. கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் வெடித்தது என்றாள் இன்னொருத்தி. நானே ஒருநாள் நேராகக் கேட்டேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "பயப்படுறதுக்கு எதுக்கு டீச்சர் காரணம்? பயப்படாம இருக்குறவகதான் காரணம் சொல்லணும்."

இப்படிப்பட்ட விடுதியில்தான் ஒளிரும் வாள் சண்டை நடத்துவதென்று முடிவானது.

வருடத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குடும்பத்தாரைக் கூப்பிட்டு மொட்டை மாடியில் விழா நடத்துவது வழக்கம். பாட்டு, கோலாட்டம், சாப்பாடு. அந்த வருடம் ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்த சங்கீதா நாடகம் எழுதியிருந்தாள். கோட்டையைக் காக்கும் ஒரு ராணி, பிடிக்க வரும் ஒரு எதிரி ராஜா. கடைசியில் ராணி அவனைக் கொன்றுவிட்டுத் தானும் சாய்கிறாள். எதிரி ராஜா சங்கீதாவேதான். போனில் ஏதோ ஒரு வீடியோவில் வெளிச்சம் வீசும் வாள்களைப் பார்த்துவிட்டு, "நம்ம வாளும் எரியணும் டீச்சர். எரியாத வாள யாரு பாப்பா?" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

ராணி வேஷம் வளர்மதிக்கு. ஜவுளிக்கடையில் பில் போடும் பெண், சொந்த ஊர் வல்லத்திராக்கோட்டை. உயரமும் குரலும் ராணிக்கென்றே செய்தவை. மாலையில் கணினிக் கணக்குப் படிப்பு வேறு போய்க்கொண்டிருந்தாள், முடித்தால் கடையில் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. விடுதிகளைப் பற்றி யாரோ அவள் அப்பாவின் காதில் எதையோ ஓதியிருந்தார்கள். அவர் மகளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "விழாவுக்கு வாரேன். எடத்தப் பாப்பேன். மனசுக்குச் சரின்னு பட்டா இரு. இல்லேன்னா அன்னிக்கே துணிமணிய எடுத்துக்கிட்டு எங்கூடக் கெளம்பு." கிளம்பினால் படிப்பும் போச்சு, வேலையும் போச்சு. ஊரில் ஒரு மாப்பிள்ளையும் தயாராக இருந்தார்.

எனவே அந்த மாலை எல்லாம் ஒழுங்காக நடந்தாக வேண்டும். வளர்மதி இரவில் வசனத்தைவிட அதிகமாக அந்த நினைப்பைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

சங்கீதாவின் முதல் யோசனை, கல்யாண வீட்டில் தொங்கவிடும் சீரியல் செட்டை வாளில் சுற்றி, நீளமான ஒயர் போட்டுச் சுவர் பிளக்கில் சொருகுவது. அக்காவிடம் இதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை, ஆனால் எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது.

"செவுத்துக் கரண்ட கையில புடிச்சுக்கிட்டு ஆடப் போறியா? எதிரி எதுக்கு வரணும்? அதுவே கொன்னுரும்டி ராணிய!"

அடுத்து, சங்கீதா தன் பழைய போனிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். பூரி மாதிரி உப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் வெளிறிவிட்டது. எங்களை எல்லாம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, அதை இடுக்கியால் மெதுவாகத் தூக்கி, மணல் வாளிக்குள் போட்டு, வாளியைக் காம்பவுண்டு ஓரத்தில் கொண்டுபோய் வைத்து, அதற்குக் காவலாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பால்காரர் வந்து என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "கிட்ட வராதீக, தூங்குது" என்றாராம். மறுநாள் செல்போன் கடைக்காரரே வந்து வாங்கிக்கொண்டு போனார். வாசலைத் தாண்டும்வரை அவரையும் வாளியோடுதான் நடக்க வைத்தார் அக்கா.

நாங்களும் விடவில்லை. அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், நானும் சங்கீதாவும் திருட்டுத்தனமாக ஒரு வாள் செய்தோம். பென்சில் பேட்டரிக் கட்டை மூன்று போடும் பெட்டியோடு வருகிற சின்ன எல்இடி சரம் கடையில் கிடைக்கும். அட்டையை வாளாக வெட்டி, சரம் கொஞ்சம் நீளமாக இருக்கிறதே என்று நடுவில் வெட்டி முறுக்கி, பளபளப்பு வேண்டும் என்பதற்காக வெள்ளித்தாள் சுற்றினோம். வெள்ளித்தாள் எங்களிடம் ஏராளம். விடுதிப் பெண்கள் வாரக் கடைசியில் வாங்கும் சிக்கன் ரைஸ் பார்சலில் வரும் தாளை எல்லாம் கழுவிக் காயவைத்து, ஒருத்தி சேர்த்து வைத்திருந்தாள். வாள் கமகமவென்று இருந்தாலும் அருமையாக எரிந்தது. வளர்மதி அதைத் தூக்கிப் பிடித்து முதல் வசனத்தைச் சொன்னாள்.

பாதி வசனத்தில் வெளிச்சம் மங்கியது. ராணியின் குரல் மாறியது.

"டீச்சர், கை சுடுது."

வாளை என்னிடம் நீட்டினாள். நான் தொட்டுவிட்டுச் சங்கீதாவிடம் கொடுத்தேன். அவள் ஊதிப் பார்த்தாள். அடுப்பில் வைத்த மாதிரி பெட்டி சூடேறிக்கொண்டே இருந்தது, பிளாஸ்டிக் வாடை வேறு. எங்களுக்கு மெயின் ஸ்விட்ச் ஞாபகம் வந்ததே தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஒருத்தி உண்மையாகவே ஓடிப் போய் மெயினை இறக்கிவிட்டாள். அதற்கும் வாளுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அக்கா காய்கறிப் பையோடு உள்ளே வந்தார். வாளைப் பிடுங்கி, பெட்டியின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பி, கட்டைகளை வெளியே தட்டிவிட்டார். நாடகம் முடிந்தது என்று நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். வளர்மதி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா வரும்போது இப்புடி ஆச்சுன்னா என்னக்கா செய்வேன்? நான் வேஷமே போடல. விட்டுருங்க."

அக்கா அவளைப் பார்த்தார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாளைப் பிரிக்க ஆரம்பித்தார். தாளை உரித்தார், முறுக்கை அவிழ்த்தார், நாங்கள் மொட்டையாக விட்டிருந்த கம்பியை விரலால் தடவினார். "இந்தத் தாளு போயி இந்தக் கம்பியையும் அந்தக் கம்பியையும் தொட்டுருக்கு. கரண்டு விளக்குக்குப் போகாம குறுக்கால ஓடிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எங்களைத் திட்டுவார் என்று காத்திருந்தோம், அது வரவே இல்லை.

"நாடகம் நடக்கும்" என்றார் எழுந்து. "வாளும் எரியும். ஆனா நாந்தான் செய்வேன். ஒருத்தியும் கிட்ட வரக் கூடாது."

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கீழராஜ வீதிப் பக்கம் ஒரு எலக்ட்ரிக் கடைக்குப் போனார். கடைக்காரர் பொறுமைசாலி. அன்றைக்கு அந்தப் பொறுமைக்குப் பரீட்சை நடந்தது. புதிய சரம், வெட்டாமல் அப்படியே வேண்டும் என்றார் அக்கா. அதோடு ஒவ்வொரு வாளுக்கும் ஒரு ஃபியூஸ் கேட்டார்.

"அக்கா, இது பென்சில் கட்டைல எரியுறது. டார்ச் லைட்டுக்கு யாராச்சும் ஃபியூஸ் போடுவாகளா?"

"டார்ச் லைட்ட வச்சு யாராச்சும் சண்ட போடுவாகளா?"

கடைக்காரர் உள்ளே போய், பழைய சாமான் டப்பாவிலிருந்து விரல் நுனி அளவு கண்ணாடி ஃபியூஸ்களைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். ஒயரை முறுக்கி டேப் ஒட்டினால் போதும் என்றதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஈயம் வைத்துப் பற்றவைக்கச் சொன்னார். அதற்கு மேல் ரப்பர் உறை, அதற்கும் மேல் டேப். கடைக்காரர் பற்றவைக்கும் நேரம் முழுக்க அக்கா கடைக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டு, "முடிஞ்சுதாண்ணே? முடிஞ்சுதாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நிற்கப் பயம். விட்டுவிட்டுப் போகவும் பயம்.

அட்டை வேண்டாம், தெர்மாகோல் வேண்டவே வேண்டாம், பற்றிக்கொள்ளும். வாளின் அலகுக்கு என்ன செய்வது? இதற்கு அக்கா கண்டுபிடித்த வழியை இன்று நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பார்களே, அந்தக் கண்ணாடி போன்ற டியூப். அதை வாங்கி, சரத்தை அதற்குள் நுழைத்து, டியூப்பை ஒரு பிவிசி பைப்பின் இரண்டு பக்கமும் வாள் வடிவத்தில் கட்டினார். எந்தக் கம்பியும் வெளியே இல்லை. எந்தத் தாளும் எதையும் தொட வழியில்லை. கட்டைப் பெட்டி கைப்பிடிக்குள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. கைப்பிடியில் வழக்கமான ஸ்விட்ச் வைக்காமல், வாசல் காலிங் பெல்லின் பொத்தானை வைத்துவிட்டார். அழுத்திப் பிடித்தால் எரியும், விட்டால் அணையும். முதல் வாளுக்கு எங்கள் விடுதியின் காலிங் பெல்லையே கழற்றிவிட்டதால், அந்த மாதம் முழுக்க வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் நின்று "யம்மா" என்று கத்த வேண்டியிருந்தது. அதைக் கழற்றும்போது மெயின் இறங்கியிருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

"எதுக்குக்கா இப்புடி? கட்டை விரலு மரத்துப் போகுது" என்று சங்கீதா முனகினாள்.

"சுட்டா கையில வச்சுக்கிட்டு இருப்பியா? கீழ போட்ருவேல்ல? போட்டா அணைஞ்சுரும்ல? அம்புட்டுத்தான்."

நான் கணக்கு டீச்சர். இதில் ஓட்டை கண்டுபிடிக்க அன்று முழுக்க முயன்றேன். என்னால் முடியவில்லை.

செய்து முடித்ததோடு விடவில்லை. ஒரு நாள் முழுக்க வாளைத் தானே கட்டிக்கொண்டு திரிந்தார். அன்றைக்கு மட்டும் பொத்தானை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார், அது எரிந்தபடியே இருந்தது. முந்தானையைச் சொருகி, இடுப்பில் நீல வெளிச்சம் வீசும் வாளோடு எங்களுக்குச் சாம்பார் ஊற்றினார். பாத்திரம் கழுவினார். டவுன் பஸ்ஸில் ஏறி மார்க்கெட்டுக்கும் போனார்.

"யம்மா, கத்தியெல்லாம் எடுத்துக்கிட்டு ஏறக் கூடாது" என்றாராம் கண்டக்டர்.

"கத்தி இல்ல தம்பி, சூடேறுதான்னு பாக்குறேன்."

"ஏறுதா?"

"இப்ப வரைக்கும் இல்ல. நீங்களும் தொட்டுப் பாருங்க."

கண்டக்டர் தொட்டுப் பார்த்தார். பின்னால் இருந்தவர்களும் தொட்டுப் பார்த்தார்கள். திருக்கோகர்ணத்திலிருந்து இறங்கும் இடம் வரை அந்த பஸ்ஸே வாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தபடி போனது என்று அக்கா சொன்னார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வாரம் கண்டக்டர் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் "வாளு எப்புடி இருக்கு?" என்று விசாரித்தது உண்மை.

இரண்டாவது வாளையும் அதே போலச் செய்தார். இரண்டையும் மாடியிலிருந்து மணலில் போட்டுப் பார்த்தார். பலமாக இழுத்தால் கைப்பிடிக்குள் இருக்கும் இணைப்பு மட்டும் கழன்று வரும்படி வைத்திருந்தார். "ஒடையுறதா இருந்தா நான் சொன்ன எடத்துல ஒடையட்டும்" என்றார்.

விழா நாள் வந்தது. மொட்டை மாடியில் பாய், நாற்காலி, ஒரு ஓரத்தில் அக்காவின் மணல் வாளிகள். வளர்மதியின் அப்பா மாலை ஐந்தரைக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் காலியாக மடித்த ஒரு பெரிய ஜிப் பை. அந்தப் பை எதற்கென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் விடுதியை ஒரு சுற்று சுற்றினார். குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். மாடிச் சுவரை அசைத்துப் பார்த்தார். பின் வரிசையில் போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

இருட்டத் தொடங்கியதும் நாடகம் ஆரம்பமானது. ராணி வந்தாள், வாளை உருவினாள், கட்டை விரலால் அமுக்கினாள். மாடி முழுக்க "ஓ" என்று ஒரு சத்தம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கே மெய் சிலிர்த்துவிட்டது. கொத்தனார் டியூப் என்று எனக்குத் தெரியும், பென்சில் கட்டை என்று தெரியும், ஆனாலும் வளர்மதியின் கையில் அது வாளாகத்தான் இருந்தது. அவள் முகத்தில் அந்த நீல வெளிச்சம் விழுந்தபோது பில் போடும் பெண்ணைக் காணோம்.

மேடை ஓரத்தில் அக்கா நின்றிருந்தார். அவர் நாடகம் பார்க்கவில்லை, இரண்டு கட்டை விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டை வந்தது. ஒத்திகையில் தட்டித் தட்டிப் போட்ட சண்டையைச் சங்கீதா அன்றைக்கு நிஜமாகவே போட்டாள். கைதட்டல் கேட்டதும் அவளுக்கு வேகம் வந்துவிட்டது. மூன்றாவது வெட்டில் எதிரி ராஜாவின் வாள் கைப்பிடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு, அலகு அப்படியே ஆகாயத்தில் பறந்து முன் வரிசையில் விழுந்தது. யாரோ அலறினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பொறி பறக்கும், புகை வரும், பின் வரிசையிலிருந்து வளர்மதியின் அப்பா எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. அக்கா சொன்ன இடத்தில் அது கழன்றிருந்தது. விழுந்த துண்டு சாதுவாக இருட்டில் கிடந்தது. சங்கீதா சமாளித்துக்கொண்டு வெறும் கைப்பிடியோடு "ஐயோ, என் வாள்!" என்று சொந்தமாக ஒரு வசனம் பேசிவிட்டு, குத்து வாங்கி, செத்து விழுந்தாள். அடுத்து ராணி தன் கடைசி வசனத்தை முடித்து, மெதுவாகச் சரிந்தாள். கண்கள் மூடின.

வாள் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

அது அணையவில்லை. நாங்கள் காத்திருந்தோம். ராணியின் கட்டை விரல் பொத்தானை விடவில்லை. மேடை ஓரத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. ரகசியம் பேசுவதாக அவர் நினைத்திருக்கலாம், சந்து முனை வரை கேட்டிருக்கும்.

"ஏத்தா! செத்துட்டேல்ல? கைய விடு!"

செத்த ராணி கண்ணைத் திறக்காமல் பதில் சொன்னாள். "விட்டா அணைஞ்சுரும்க்கா. கடைசி வரைக்கும் எரிஞ்சாத்தான் சீனு நல்லாருக்கும்."

"சீனு கெடக்கு. ரொம்ப நேரமா எரியுது, சூடாயிருக்கும். விடுடி!"

"சூடில்லக்கா. சத்தியமா."

"அத நான் சொல்லணும்!"

சொல்லிக்கொண்டே அக்கா மேடை மேல் ஏறிவிட்டார். செத்துக் கிடந்த எதிரி ராஜாவைத் தாண்டிப் போய், ராணிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கைப்பிடியைத் தன் கன்னத்தில் வைத்தார். அக்கா நிதானமாக ஒரு பக்கம் பார்த்தார், திருப்பி மறு பக்கமும் பார்த்தார்.

"சரி, சூடில்ல" என்றார். "இப்பச் சாவு."

அந்தச் சிரிப்பை நான் வேறு எந்த விழாவிலும் கேட்டதில்லை. செத்த ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். ராணியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே விரலை எடுத்தாள், வாள் அணைந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் திரும்பிப் பின் வரிசையைப் பார்த்தேன். வளர்மதியின் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிக்கிறாரா, கோபமா என்று தெரியவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அவர் பையோடு அக்காவிடம் வந்தார். நானும் சங்கீதாவும் தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் நின்றோம். வளர்மதி ராணி வேஷத்தைக்கூடக் கலைக்கவில்லை.

"தங்கச்சி, அந்த வாளக் கொஞ்சம் குடுங்க."

அக்கா கொடுத்தார். அவர் பொத்தானை அமுக்கினார், எரிந்தது. விட்டார், அணைந்தது. மறுபடி அமுக்கினார்.

"நீங்க செஞ்சதா?"

"ஆமாண்ணே."

"கையில இருக்குற வரைக்குந்தான் எரியும் போல."

"ஆமாண்ணே."

அவர் வாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகளைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "எங்களுக்கு ஒத்தப் புள்ள. அங்கிட்டு இங்கிட்டுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எம் புள்ளைக்கு நீங்க பொறுப்பா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சங்கீதா என் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அக்கா யோசித்தார்.

"கரண்டுக்கு நான் பொறுப்புண்ணே" என்றார். "கேஸுக்கு நான் பொறுப்பு. மாடிச் செவுரு, தண்ணித் தொட்டி மூடி, வாசப் பூட்டு எல்லாத்துக்கும் நான் பொறுப்பு. ஆனா புள்ளைக்கு நான் பொறுப்புன்னு பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கு அவதான் பொறுப்பு."

வளர்மதி கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாவின் முகம் அப்படியே இருந்தது.

"அவ புத்தி எப்புடி?" என்று கேட்டார் கடைசியில்.

"நல்ல புத்தி. நான் தொட்டுப் பாத்துட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். மடித்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நல்லாப் படி. அப்பப்பப் போன் பண்ணு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று படியிறங்கிப் போய்விட்டார். வளர்மதி கிரீடத்தோடு அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அந்தாண்ட போ, ஈரக் கையி, கையில வாளு இருக்கு" என்று அக்கா அவளை விலக்கினார். விலக்கியவர் அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவர் இவ்வளவு நேரமும் பயந்தது கரண்டுக்கு இல்லை, இவள் போய்விடுவாளோ என்றுதான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வளர்மதி படிப்பை முடித்து, இப்போது அதே கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். நான் ஊர் ஊராக வேலை மாறி, எத்தனையோ வீடுகளில் குடியிருந்துவிட்டேன். எல்லாம் நல்ல வீடுகள்தான், யாரும் எதற்கும் குறை வைக்கவில்லை. ஆனால் எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நாள் முழுக்கப் பயந்துகொண்டு ஒருத்தி இருந்த வீடு அது ஒன்றுதான். அங்கே நான் எதற்கும் பயந்ததே இல்லை.